மாமா அனுப்பிய வழி

இரவு 11 மணிக்கு மதுரையிலிருந்து அக்கா கூப்பிட்டால், தில்லியில் இருக்கும் தம்பிக்கு முதலில் வயிறு கலங்கும். 2022 ஜூலையில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. அக்கா நலம் விசாரிக்கவில்லை. "ஏண்டா, நீ அனுப்பின வழியிலதானே பிள்ளைங்க போனாங்க?" என்றுதான் ஆரம்பித்தாள்.

பிள்ளைகள் நான்கு பேர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகன், அவனுடைய நண்பர்கள் மூவர். மோட்டார் சைக்கிள்களைச் சண்டிகர் வரை ரயிலில் அனுப்பிவிட்டு, அங்கிருந்து மணாலி வழியாக ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டிருந்தார்கள். சத்ரூ என்ற இடத்துக்கும் பாதல் என்ற இடத்துக்கும் நடுவே (சத்ரூ என்பது தமிழ்க் காதில் பகைவன் என்று விழும், ஊர் மேல் குற்றமில்லை) பனிமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சாலைக்குக் குறுக்கே ஓடும். பாலம் கிடையாது. அப்படி ஓர் ஓடையில் மூன்றாவது வண்டி சாய்ந்துவிட்டது. ஓட்டியவனின் வலது கணுக்கால் வண்டிக்கும் பாறைக்கும் இடையே மாட்டிக்கொண்டு, எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மாலை நாலு மணி. 3,000 மீட்டருக்கு மேல் உயரம். செல்போன் சிக்னல் இல்லை. எதிர்க்கரைக்கு வந்து சேர்ந்த ஒரு லாரி டிரைவர், தானே தண்ணீரில் இறங்கி வண்டியைத் தூக்கிப் பையனை இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார். அன்றிரவு சத்ரூவில் ஒரு தாபாக் கூடாரத்தில் கிடந்து, மறுநாள் அதே லாரியில் மணாலி வந்து சேர்ந்தார்கள்.

"நம்ம பையனுக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஹூப்ளிப் பையனுக்குத்தான் காலு. அவங்க அம்மாவுக்கு நான் என்ன பாஷையில என்னடா பதில் சொல்றது?" என்று கேட்டாள் அக்கா.

'நான் அனுப்பியது ஒரு ஃபைல்தான், வழி இல்லை' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அது வக்கீல் பேச்சு.

அந்த ஃபைலின் கதை 2018 ஜூலையில் தொடங்குகிறது. நானும் தில்லி நண்பர்கள் இருவரும் அதே வழியில் போனோம். என் புல்லட்டின் ஹேண்டில் பாரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி. அப்போது அடல் சுரங்கப் பாதை திறக்கவில்லை. பர்மிட் வாங்கிக்கொண்டு ரோஹ்தாங் கணவாய் ஏறித்தான் மறுபக்கம் இறங்க வேண்டும். லாரி வரிசை, சேறு, பனிமூட்டம் எல்லாம் சேர்ந்து பாதி நாளைத் தின்றுவிட்டது. கிராம்ஃபூவில் வலப்பக்கம் திரும்பி, சத்ரூ சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தாபாக்காரர் எங்களை மேலே போக விடவில்லை. "காலையில் போங்கள். இப்போது நாலாவில் இறங்கினால் உங்களைச் சந்திரா நதியில் தேட வேண்டியிருக்கும்" என்றார்.

காரணம் எளிது. பகல் வெயிலில் பனி உருகும். உருகிய தண்ணீர் ஓடை வழியே இறங்கிச் சாலைக்கு வர நேரமாகும். அதனால் பிற்பகலிலும் மாலையிலும் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். இரவுக் குளிரில் உருகுவது நின்றுபோகும். விடிகாலையில் அதே ஓடை கணுக்கால் அளவுக்கு வற்றியிருக்கும். மலைக்காரர்களுக்கு இது பால் வாங்கும் நேரம் மாதிரி சாதாரண விஷயம். சமவெளியிலிருந்து போகும் நமக்கு, காலையில் நிறையும் ஆறு மாலையில் நிறையாதா என்று கேட்கக்கூடத் தோன்றாது.

மறுநாள் காலை ஆறரை மணி சுமாருக்கு முதல் ஓடையைக் கடந்தோம். கடந்த ஒவ்வோர் இடத்திலும் கருவியின் பொத்தானை அழுத்தி, அந்தப் புள்ளியைப் பதிந்துகொண்டேன். தில்லி திரும்பியதும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 31 புள்ளிகளுக்கும் பெயர் வைத்தேன். எல்லாம் தமிழில். 'காலை ஏழுக்குள் கட', 'இடப்பக்கம் ஒதுங்கு, மேலே கல் உருளும்', 'டீக்கடைக்காரர் பஞ்சரும் ஒட்டுவார்', 'ஏரிக்குப் பிரியும் இடம், பலகையை நம்பாதே'. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு 20 வருடமாக மற்றவர்களின் ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் பிழைக்கும் ஒருவன், சொந்தமாக எழுதிய மிகச் சிறந்த வாக்கியங்கள் அவைதான் என்று எனக்கு ஓர் எண்ணம்.

நான்கு வருடம் கழித்து அக்கா மகன் கேட்டான். "மாமா, உங்க ஸ்பிதி ரூட் ஜி.பி.எக்ஸ்.ல இருக்கா? இருந்தா அனுப்புங்க, என் டிவைஸ் எடுத்துக்கும்." அனுப்பினேன். அவனுடைய கருவியும் எடுத்துக்கொண்டது. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை.

விபத்துக்குப் பிறகு, மணாலியில் கட்டுப் போட்டுக்கொண்டு நால்வரும் தில்லி வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் என் கருவியையும் அவனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஹூப்ளிப் பையன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜி.பி.எக்ஸ். என்பது ஜி.பி.எஸ். கருவிகளுக்கான பொது மொழி. அது வருவதற்கு முன் கார்மின் கருவிக்கு ஒரு பாஷை, இன்னொரு கம்பெனிக்கு இன்னொன்று. ஒருவன் போன பாதையை மற்றவன் வாங்கிக்கொள்ள, இருவரும் ஒரே கம்பெனியின் வாடிக்கையாளராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் டோபோகிராஃபிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய டேன் ஃபாஸ்டர் 2002-ல் இந்தப் பொது வடிவத்தை வெளியிட்டார். யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். 2004-ல் வந்த 1.1 பதிப்புதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சாதாரண எழுத்தால் ஆன ஃபைல் அது. கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதும் எந்த மென்பொருளிலும் திறந்து கண்ணால் படிக்கலாம்.

அதற்குள் மூன்று விதமான சரக்கு இருக்கலாம். ஒன்று, வேபாயிண்ட் எனப்படும் தனிப் புள்ளி. ஓர் இடம், அதற்கு ஒரு பெயர், வேண்டுமானால் ஒரு குறிப்பு. இரண்டாவது, ட்ராக் எனப்படும் தடம். வண்டி போன போக்கில் சில விநாடிகளுக்கு ஒருமுறை கருவி பதிந்துவைத்த ஆயிரக்கணக்கான புள்ளிகளின் கோடு. நடந்தது நடந்தபடி, டீ குடிக்க ஒதுங்கியது உட்பட. மூன்றாவது, ரூட் எனப்படும் வழி. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வழியாக இன்ன இடத்துக்குப் போக வேண்டும் என்ற திட்டம். பத்துப் பதினைந்து புள்ளிகள்தான் இருக்கும். இடையில் எந்தச் சாலையில் போவது என்பதை வாங்குகிறவனின் கருவி தன்னிடம் உள்ள வரைபடத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளும்.

தடம் என்றால் கால் பதிந்த சுவடு, வழி என்றால் இனி நடக்க வேண்டியது. தமிழில் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாவற்றையும் 'ரூட்' என்கிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நான் அனுப்பியது தடமும் 31 புள்ளிகளும். அவனுடைய கருவிக்குக் குரல் கொடுத்து வழி சொல்லப் பிடிக்கும். வெறும் கோட்டின் மேல் அதற்கு ஆர்வம் இல்லை. ஆகவே ஒரு மென்பொருளால் என் தடத்தை 'ரூட்' ஆக மாற்றியிருக்கிறான். ஆயிரக்கணக்கான புள்ளிகள் சில டஜனாகச் சுருங்கின. மிச்சத்தைக் கருவி தன் வரைபடத்தால் நிரப்பிக்கொண்டது. அந்த வரைபடத்தில், 2020 அக்டோபர் 3-ந் தேதி திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் இருந்தது. நான் ரோஹ்தாங்கில் அரை நாள் பட்ட பாட்டை ஒரே வீச்சில் அழித்துவிட்டு, சுரங்கத்துக்குள் வழி போட்டது கருவி. அதில் தப்பில்லை. இயந்திரம் என்னைவிடப் புதிதாக ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் என் பயணத்தின் நேரக் கணக்கு முழுவதும் அந்த ரோஹ்தாங் தாமதத்தின் மேல்தான் நின்றது. நாங்கள் சத்ரூவில் தங்கியதற்குக் காரணம் புத்திசாலித்தனம் அல்ல, களைப்பும் இருட்டும்தான். இவர்களுக்குக் களைப்பு இல்லை. மணாலியில் நிதானமாகக் காலைச் சாப்பாடு, சுரங்கத்தில் சில நிமிடம், கோக்சரில் ராஜ்மா சாதம், மதியம் இரண்டரைக்கே சத்ரூ. பொழுது நிறைய இருந்தது. பாதலில் போய்த் தங்கலாம் என்று கிளம்பிவிட்டார்கள். சுரங்கத்தில் மிச்சப்படுத்திய நேரம் அவர்களைச் சரியாக வெள்ள நேரத்தில் கொண்டுபோய் ஓடையில் நிறுத்தியது.

"சரி, நான் எழுதியிருந்தேனே, காலை ஏழுக்குள் கட என்று?" எனக் கேட்டேன்.

அவன் தயங்கினான். "மாமா, புள்ளி எல்லாம் வந்துச்சு. ஆனா பேரு..." என்று, அழிக்காமல் விட்டிருந்த பழைய பிரதி ஒன்றைத் தன் கருவியில் திறந்து காட்டினான். 31 இடத்திலும் கட்டம் கட்டமாக வரிசை. ஒரு வரியில் எட்டுக் கட்டம், இன்னொன்றில் பன்னிரண்டு. அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு கிடையாது. ஃபைலில் தமிழ் பத்திரமாகத்தான் இருந்தது. யூனிகோட் எழுத்து எதையும் சுமக்க அந்த வடிவத்தால் முடியும். திரையில் காட்டத்தான் கருவிக்குத் தெரியவில்லை. பையன் பார்த்தான், ஏதோ கெட்டுப்போன சமாசாரம் என்று நினைத்தான், 31 புள்ளிகளையும் மொத்தமாக அழித்துவிட்டு, கோடு மட்டும் போதும் என்று கிளம்பிவிட்டான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என்னிடம் ஒரு பழைய கைப்பிரதி கட்டம் கட்டமாக வந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இன்னொன்றும் இருந்தது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அவன் பொறுப்பில்லாமல் நடக்கவில்லை. புறப்படுவதற்கு முன் ஃபைலைத் திறந்து, நான் எந்த நேரத்தில் எங்கே இருந்தேன் என்று பார்த்திருக்கிறான். தடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் தேதியும் நேரமும் இருக்கும். ஓடை இருக்கும் இடத்தில் நேரம் 01:05 என்று இருந்தது. "ராத்திரி ஒரு மணிக்கு நீங்க ஆத்தைக் கடந்திருக்க மாட்டீங்க. அப்ப மத்தியானம் ஒரு மணியா இருக்கும், கருவியில மணி மாறிக் கிடக்குன்னு நினைச்சேன். நீங்க ஒரு மணிக்குக் கடந்தீங்கன்னா நாங்க மூணரைக்குக் கடந்தா என்ன ஆயிடும்?"

ஜி.பி.எக்ஸ். ஃபைலில் நேரம் எப்போதும் உலகப் பொது நேரம். அந்த எண்ணின் கடைசியில் 'இசட்' என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு அர்த்தம் அதுதான். இந்திய நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 01:05 என்றால் காலை 6:35. கருவிகள் திரையில் காட்டும்போது தாங்களே கூட்டிக்கொள்கின்றன. ஃபைலை நேராகத் திறந்து படிக்கிற அக்கறையுள்ள ஆள்தான் இதில் ஏமாறுகிறான்.

தில்லிக்கு வந்த புதிதில் ஓர் இந்தி விண்ணப்பத்தில் 'அவசர்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, ஏதோ தலைபோகிற வேலை என்று ஓடியிருக்கிறேன். இந்தியில் அதற்கு வாய்ப்பு என்று பொருள். அவசரம் நம் ஊரில்தான். தெரியாத சொல் அகராதியைத் தேட வைக்கும். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லுக்கு யாரும் அகராதியைத் திறப்பதில்லை. 01:05 அந்த ரகம்.

பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு பாட்டு உண்டு. நன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் கூத்தன், வழியில் சந்திக்கும் இன்னொரு கூத்தனுக்கு அந்த ஊருக்குப் போக வழி சொல்கிறான். கல்லூரியில் அதை உரையோடு மனப்பாடம் செய்தபோது, இது என்ன, இத்தனை நீளத்துக்கு வழி சொல்கிறானே என்று அலுப்பாக இருந்தது. 583 அடிகள். பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், ஆகவே இருட்டில் போகாமல் விடிந்தபின் போ என்கிறான். குழிகளில் பாம்பு இருக்கும் என்கிறான். யானையை விரட்டத் தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், எங்கே வழுக்கும், எங்கே சோறு கிடைக்கும், எல்லாம் சொல்கிறான். கவலைகளில், அதாவது பாதை பிரியும் இடங்களில், பின்னால் வரும் புதியவர்களுக்காகப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறான். வேபாயிண்ட் என்பது அந்தப் புல்முடிதான். இன்று படித்தால் அந்தப் பாட்டில் சாலை கொஞ்சம், நேரமும் ஆபத்தும் நிறைய. என் ஃபைலிலிருந்து அக்கா மகனின் கருவிக்குச் சாலை மட்டும் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பரிமாற்றம் நம் நாட்டில் ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. எல்லைப்புற மாவட்டங்களின் விவரமான வரைபடம் சாதாரண மனிதன் கைக்குக் கிடைக்காத காலம் வெகு நாள் நீடித்தது. வரைபடம், நில அளவைத் தகவல் ஆகியவற்றின் மேலிருந்த கட்டுப்பாடுகளை மத்திய அரசு பெருமளவு தளர்த்தியது 2021 பிப்ரவரியில்தான். 2000 மே மாதம் வரை அமெரிக்கா சாதாரண மக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அது நீங்கிய பிறகு, வரைபடமே இல்லாத லடாக்கிலும் ஸ்பிதியிலும் வண்டி ஓட்டியவர்கள் தங்கள் தடங்களை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். காசு பேசியதில்லை. போனவன் கொடுப்பான், போகிறவன் வாங்குவான், திரும்பி வந்து திருத்திக் கொடுப்பான். அந்தக் கடைசி வேலையைப் பலர் செய்வதில்லை. நானும் 2020-க்குப் பிறகு செய்திருக்க வேண்டும். ரோஹ்தாங் தடத்தை அப்படியே வைத்திருந்தேன்.

பொது மொழி வந்தபிறகும் உள்ளூர்ப் பாஷைகள் ஒழியவில்லை. கூகுள் எர்த் பயன்படுத்தும் கே.எம்.எல். என்ற வடிவத்தில் முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை. ஜி.பி.எக்ஸ்.-ல் வழக்கமாக அட்சரேகை முன்னால் வரும். எண்களைக் கையால் வெட்டி ஒட்டுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் லே நகரம் ஸ்வால்பார்டு தீவுகளுக்குக் கிழக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். அது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழை. சின்னப் பிழைகள்தான் ஆளை விழுங்கும். 32 டிகிரி 33 நிமிடம் என்பதை ஒருவர் 32.33 என்று குறித்துக்கொடுப்பார். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஆகவே அது 32.55. வித்தியாசம் சுமார் 24 கிலோமீட்டர். மலையில் 24 கிலோமீட்டர் என்பது வேறொரு பள்ளத்தாக்கு. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ராபர்ட் லைப் என்பவர் தொடங்கிய ஜி.பி.எஸ்.பேபல் என்ற இலவச மென்பொருள் பல வருடமாக இருக்கிறது. பைபிளில் மனிதர்களின் மொழி கலைந்துபோன கோபுரத்தின் பெயர் அது. என் தொழில்காரர் ஒருவர் வைத்த பெயர் போலவே இருக்கிறது.

அக்கா மகன் நன்றிக் கடனாக எனக்கு ஒரு ஃபைல் அனுப்பினான். பெங்களூரிலிருந்து பந்திப்பூர், முதுமலை, மசினகுடி வழியாகக் கல்லட்டி மலைப்பாதை ஏறி ஊட்டி. திரும்பி வரும் வழியும் சேர்த்து. திறந்து பார்த்தேன். திரும்பும் வழி அவன் ஓட்டிப் பதிந்தது அல்ல. ஏறிய தடத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானால் தலைகீழாகத் திருப்பியிருந்தான். அப்படிச் செய்ய எல்லா மென்பொருளிலும் வசதி உண்டு. எண்கள் வரிசை மாறும், கோடு அதே கோடுதான். ஆனால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது ஒன்று, இறங்குவது வேறு. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளால், 2018-ல் வெளி மாவட்ட வண்டிகள் அங்கே ஊட்டியிலிருந்து இறங்குவதற்கே மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கோட்டுக்குச் சரிவு தெரியாது, தடை உத்தரவும் தெரியாது. பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத் திறக்கிறது என்பதும் தெரியாது. போன் செய்து சொன்னேன். "ஐயோ, நான் இறங்கினது கூடலூர் ரோட்டுல மாமா. சோம்பேறித்தனமா திருப்பிவிட்டுட்டேன்" என்றான். மாமா விழுந்த பள்ளத்தில் மருமகனும் விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவனுடைய தடம் தொடங்கிய இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பெங்களூரில் அவன் குடியிருக்கும் வீட்டின் கேட் தெரிந்தது. எத்தனை மணிக்குப் பூட்டிவிட்டுப் போனான், எத்தனை நாள் கழித்து வந்தான் என்பதும் இருந்தது. அதையும் சொன்னேன். இப்போது வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து தடத்தை வெட்டித்தான் யாருக்கும் கொடுக்கிறான்.

என் பங்குக்கு நான் அந்த ஸ்பிதி ஃபைலை இரண்டு வாரம் உட்கார்ந்து திருத்தினேன். தடத்தைத் தடமாகவே வைத்தேன். திரையில் கோடாகக் காட்டு, நீயாக வழி கணக்குப் போடாதே என்று கருவியைக் கட்டிப்போடச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். ஏனென்றால் மணாலி, காஜா என்று இரண்டு புள்ளி மட்டும் கொடுத்து, மண் சாலையைத் தவிர் என்ற அமைப்பையும் போட்டுவிட்டால், 200 கிலோமீட்டருக்கும் குறைவான பயணத்துக்குக் கின்னோர் சுற்றி 500 கிலோமீட்டருக்கு மேல் வழி போடக்கூடிய கருவிகள் உண்டு. கருவி வழி சொல்லியே ஆக வேண்டும் என்பவர்களுக்குத் தனியாக ஒரு ரூட். அதில் சாலை பிரியும் இடத்தின் மேல் புள்ளி வைக்காமல், சரியான சாலையில் சற்றுத் தூரம் தள்ளிப் புள்ளி வைத்தேன். பிரிவின் மேலேயே வைத்தால் தப்பான பக்கம் திரும்பியவனையும் கருவி 'புள்ளியைத் தொட்டுவிட்டாய்' என்று பாராட்டும்.

பிறகு 31 பெயர்கள். நால்வரில் ஒருவன் ஹூப்ளிக் கன்னடக்காரன், ஒருவன் விஜயவாடா. கருவியில் தமிழ் எழுத்து ஒழுங்காக வந்திருந்தாலும் இரண்டு பேருக்கு அது கட்டம்தான். இது எனக்கு மேஜையில் உட்கார்ந்திருந்த அன்று உறைக்கவில்லை. சோபாவிலிருந்து அவன் "என்ன எழுதியிருந்தது?" என்று இந்தியில் கேட்டபோதுதான் உறைத்தது. 'காலை ஏழுக்குள் கட' என்பதை அவனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. 20 வருட மொழிபெயர்ப்பில் அதைவிடத் தாமதமான ஒன்றை நான் செய்ததில்லை.

பெயர்களை ஆங்கிலத்தில் வைத்தேன். பழைய கருவிகளில் பத்து எழுத்துக்கு மேல் வெட்டிவிடக் கூடும் என்பதால் சுருக்கமாக. 'நாலா 7 ஏ.எம்.', 'ராக்ஸ் லெஃப்ட்', 'டீ பஞ்சர்'. என் தமிழ் வாக்கியங்களைக் குறிப்புப் பகுதியில் கீழே போட்டு வைத்திருக்கிறேன், படிக்க முடிந்தவர்கள் படிக்கட்டும். ஓடை பற்றிய குறிப்புகளை மட்டும் ஒரு தாளிலும் எழுதி, அதன் படத்தைச் சேர்த்து அனுப்புகிறேன். படத்தைக் கட்டமாக்க இன்னும் எந்தக் கருவிக்கும் தெரியவில்லை.

அக்கா ஹூப்ளிக்குப் போன் செய்தாள். இவள் தமிழில் பேச, அந்தம்மா கன்னடத்தில் பேச, கால் மணி நேரம் ஓடியதாம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். அந்த வருடத் தீபாவளிக்கு ஹூப்ளியிலிருந்து ஒரு பெட்டி தார்வாட் பேடா வந்தது.

2024 ஜூனில், குன்சும் கணவாய் திறந்தபின், ஹூப்ளிப் பையன் என்னைக் கூப்பிட்டான். கணுக்காலில் தகடு இருக்கிறது, டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார், விட்ட இடத்திலிருந்து காஜா வரை போக வேண்டும், ஃபைலை அனுப்புங்கள் அங்கிள் என்றான். உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். அதை நான் முழுக்க நம்பவில்லை. இருந்தாலும் அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். கருவியில் ஏற்றிப் பார்த்துவிட்டானாம். "பதினாலாவது பாயிண்ட், நாலா 7 ஏ.எம். என்று இருக்கிறது. இந்திய நேரம்தானே அங்கிள்?"

இந்திய நேரம்தான் என்றேன். அப்புறம் அவன் அங்கே தன் திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படிக்க, நான் இங்கே என் தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். 31 புள்ளிகளும் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று.